அஞ்சல்காரப் பெண்மணியின் வலது முழங்கால்

இந்தக் குறிப்பை எழுதவேண்டிய கடப்பாடு எனக்குச் சென்ற ஆண்டு ஏற்பட்டது. இலண்டனில் வாழும் எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்கள் வெளியிட்ட மலரில் என்னைப் பற்றி நான்கு வரிகள் அச்சாகியிருந்தன. எண்பதுகளின் இறுதியில் நான் ஸ்பானிய நாட்டுப் பிளமெங்கோ ஆடலுக்குக் கிற்றார் வாசித்து, மண்டபம் அதிரும் கைதட்டலைப் பெற்றவன் என்று அதில் இருந்தது. வாசித்தது உண்மை. கைதட்டலைப் பெற்றது பிழை. பிழையான புகழ் ஒருவருடைய பெயரில் ஒட்டிக்கொண்டால், அந்தப் புகழுக்கு உரிய வேறொருவர் காணாமற் போய்விடுவார். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க விரும்புகிறேன்.

அப்போது நான் நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தேன். மணமாகாதவன். யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்தவன், இலண்டனில் உறைந்த உணவுப் பெட்டிகளை அடுக்கும் பண்டகசாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். எட்மண்டனில் எங்கள் ஊரவர் ஐவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஐவர் என்று சொல்கிறேனே தவிர, ஐவரும் ஒன்றாக அமர்ந்து உண்ட நாள் ஒன்றேனும் நினைவில் இல்லை. ஒருவர் வேலைக்குப் புறப்படும் வேளையில் மற்றவர் வந்து படுப்பார். குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுத் தாள்களே எங்கள் பேச்சு. "பால் முடிஞ்சுது." "கவுன்சில் கடிதம் மேசையில." "பருப்பு என்ரை, தொட வேண்டாம்." மேற்பார்வையாளர் உரத்துச் சொல்லும் பெட்டி எண்களைத் தவிர, என்னை நோக்கிச் சொல்லப்பட்ட சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு கிழமை, ஏழு நாள்களும், கழிந்ததுண்டு.

இளமையில் கிற்றார் ஓரளவு பழகியிருந்தேன். எட்மண்டனில் பழம்பொருள்களை அறப்பணிக்காக விற்கும் கடையின் யன்னலில் ஒரு கிற்றாரைக் கண்டு, அதை வாங்கிவந்து கட்டிலின் கீழே வைத்திருந்தேன். ஒரு பங்குனி மாதத்தில், நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் சிறிய தாள் ஒன்றைப் பார்த்தேன். முதியோர் கல்வி நிலையத்தின் பிளமெங்கோ ஆடல் வகுப்புக்கு வாசித்துவந்த கிற்றார்க் கலைஞர் ஊர் திரும்பிவிட்டார். ஆனி மாத விழாவில் வாசிக்க ஒருவர் தேவை. பயிற்சி குறைந்தவர்களும் வரலாம் என்று எழுதியிருந்தது.

போனேன். ஆசிரியை தென் ஸ்பானியாவில் பிறந்தவர். ஐம்பதைக் கடந்தவர், உருவத்தில் சிறியவர், கரகரத்த குரல். நான் ஐந்து நிமிடம் வாசித்ததைக் கேட்டுவிட்டு, பழைய கலைஞர் பதிவு செய்த ஒலிநாடாவைக் கையில் தந்தார். ஆறு கிழமைகளுக்குள் இதைப் பழகவேண்டும், அதன்பின் ஆடுபவர் ஒருவரோடு வாசித்துக் காட்டவேண்டும், சரிவந்தால் விழாவில் இடம் என்றார். இதற்கிடையில் ஒவ்வொரு வியாழனும் வகுப்பில் வந்து அமர்ந்திருக்கும்படியும் சொன்னார். நான் கதவை எட்டியபோது பின்னாலிருந்து ஒரு சொற்றொடர் வந்தது. (அவருடைய ஆங்கிலத்தையும் மற்றவர்களுடைய ஆங்கிலத்தையும் என் தமிழில் தருகிறேன்.)

"வியாழன் ஏழு மணிக்கு உங்களுக்காகக் காத்திருப்போம்."

இலண்டனுக்கு வந்து நான்கு ஆண்டுகளில், ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் குறித்து, எனக்காகக் காத்திருப்பதாக ஒருவர் சொன்னது அதுவே முதற்றடவை. மரியாதைக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். எனக்கோ அந்த இடம் எப்படியும் வேண்டும் என்றாகிவிட்டது. விழாவைவிட, காத்திருப்பவர்கள் உள்ள ஓர் அறை எனக்கு வேண்டியிருந்தது.

இங்கேதான் என் முதற் பிழை. வகுப்புக்கு நான் போகவில்லை. முதலில் தனியே இருந்து மனனம் செய்து, எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்க வந்த பின்னரே பிறர் முன் வாய் திறக்கவேண்டும் என்பது நான் வளர்ந்த முறை. மாணவர்களையும் அப்படியே வளர்த்தேன். ஆகவே வேலை நேரம் ஒத்துவரவில்லை என்று தொலைபேசியில் ஒரு சாட்டுச் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்குத் தரப்பட்டது சொலேயா என்னும் வகை. தனிமையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் பிறந்ததாக ஆசிரியை கூறினார். அந்தச் சொற்பிறப்பை உறுதிப்படுத்தும் அறிவு எனக்கில்லை. பன்னிரண்டு அடிகள் கொண்ட சுற்று அது. மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு ஆகிய அடிகளில் அழுத்தம் விழும். கணிதம் கற்பித்தவனுக்கு இதைவிட இன்பம் வேறென்ன? மணிக்கூட்டின் முகத்தைப் போல ஒரு வட்டம் வரைந்து, அழுத்தம் விழும் எண்களைச் சிவப்பு மையால் குறித்துச் சுவரில் ஒட்டினேன். பக்கத்து அறையில் எப்போதும் ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார் என்பதால், கம்பிகளுக்குக் கீழே கம்பளிக் காலுறை ஒன்றைச் செருகி வைத்து வாசித்தேன். ஓசையில்லாத கிற்றாரில், யன்னலைப் பார்த்தபடி, ஆறு கிழமைகள். பண்டகசாலையில் பெட்டிகளின் மேலும் பன்னிரண்டு தட்டினேன். பெட்டி தூக்குவதில் வலக்கை நகங்கள் உடைந்துபோகும்; அவற்றின் மேல் வலுவான பசையைப் பூசிக் காயவிடுவேன். கிற்றார் வாசிப்பவர்கள் அப்படிச் செய்வதுண்டு.

நகத்துக்குப் பசை பூசுவதை ஒருநாள் சமையலறையில் வீட்டுத் தோழர் ஒருவர் கண்டுவிட்டார். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர், எங்கள் பாடசாலையிலேயே படித்தவர், என்னிலும் பத்து வயது இளையவர்.

"என்ன அண்ணை, வலக்கையில மட்டும் நகம் வளக்கிறியள், பசையும் பூசுறியள். கலியாணம் ஏதும் பொருந்தி வந்திட்டுதோ?"

"கிற்றாருக்கு, தம்பி."

"ஓமோம், கேள்விப்பட்டனான். வெள்ளைக்காரப் பொம்பிளையள் ஆடுற இடத்துக்கு வாசிக்கப் போறியளாம். எனக்கும் ஒரு இடம் கேட்டுப் பாருங்கோவன். வாசிக்க ஏலாது. ஆனால் வடிவாப் பாக்க ஏலும்."

"அங்கை பாக்க ஒண்டுமில்லை, தம்பி. தாளம் மட்டுந்தான்."

அந்த விடையை நான் முழு நம்பிக்கையோடு சொன்னேன் என்பதைப் பதிவு செய்யவேண்டும்.

சித்திரை முடிவில் அந்த வியாழன் வந்தது. வகுப்பில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். என்னோடு ஆடவிருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆங்கிலேயப் பெண்மணி. உயரமும் பருமனும் உடையவர். காலையில் தெருத்தெருவாகக் கடிதப் பை சுமப்பது அவருடைய தொழில். அந்த நகரத்துப் பெண்கள் பலர் முன்பின் அறியாதவரையும் 'லவ்' என்று விளிப்பார்கள். அந்த வழக்கத்துக்கு என் காதுகள் அதுவரை பழகியிருக்கவில்லை.

"பயப்படாதே, லவ். நான் விழுந்தால் அந்தச் சத்தத்தில் உன் பிழை ஒருவருக்கும் கேட்காது."

நான் பணிவாகத் தலையசைத்து, கதிரையில் அமர்ந்து, பார்வையைக் கிற்றாரின் கழுத்தில் பதித்தேன். வாசிக்கத் தொடங்கினேன். சுவரில் ஒட்டிய வட்டம் மனக்கண்ணில் சுழன்றது. ஓர் அடியும் பிசகவில்லை. காலடி ஓசை ஓரிடத்தில் விரைந்ததைக் கேட்டேன். அவர் தாளத்தை விட்டு ஓடுகிறார், நானாவது நிலையாக நின்று அவரைக் காப்பாற்றவேண்டும் என்று எண்ணினேன். பலமாக மூன்று முறை நிலம் அதிர்ந்தது. நான் இன்னும் உறுதியாக எண்ணினேன். இறுதிப் பகுதியை ஒலிநாடாவில் உள்ளபடியே, ஐந்து விரல்களையும் விசிறிபோல விரித்து வாசித்து, பத்தாவது அடியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தேன்.

அஞ்சல்காரப் பெண்மணி சுவரோரத்து நீண்ட மர வாங்கில் அமர்ந்து சப்பாத்தின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் ஆடலை நிறுத்தி நெடுநேரமாகியிருக்கவேண்டும். நான் தனியே, ஒருவரும் ஆடாத வெறுந்தரைக்கு வாசித்து முடித்திருந்தேன்.

"மூன்று முறை கதவைத் தட்டினேன், லவ்," என்றார் அவர். "வீட்டில் ஆளில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதில் வன்மம் இல்லை. எனக்கோ காது மடல்கள் எரிந்தன. கணக்குப் பிழைக்கவில்லை என்று ஆசிரியையிடம் சொன்னேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

"கணக்குப் பிழைக்கவில்லை," என்றார் அவர். "சுவர் மணிக்கூடும் பிழைப்பதில்லை. அதை நான் துணைக்கு அழைப்பதுமில்லை."

பிறகு விளக்கினார். இந்த ஆடலில் நேரம் ஆடுபவருக்குரியது. எப்போது விரைவது, எப்போது நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்து, காலால் ஓர் அழைப்பு விடுப்பார். கிற்றார் அதைக் கண்டு, விடை சொல்லி, அவரோடு சேர்ந்து முடிக்கவேண்டும். காதால் மட்டும் கேட்டால் பிந்திவிடும். கண்ணால் முன்கூட்டியே காணவேண்டும்.

"நீங்கள் அவரை ஒருதடவையும் பார்க்கவில்லை. ஏன்?"

தயங்கித் தயங்கிச் சொன்னேன். மேடையில் ஆடுவதைத் தொலைவிலிருந்து பார்ப்பது வேறு. இவ்வளவு சிறிய அறையில், கைக்கெட்டும் தூரத்தில், அறிமுகமில்லாத ஒரு பெண்மணியின் கால்களையும் உடலையும் உற்றுப் பார்ப்பது எங்களிடையே பண்பாகாது. மரியாதையின் பொருட்டே கண்ணைத் தாழ்த்தினேன் என்றேன். ஆசிரியை கேட்டார்:

"ஒருவர் உங்களோடு பேசும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் உங்களிடையே மரியாதைதானா?"

கிற்றாரை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ, "அடுத்த வியாழன் வாருங்கள். கிற்றாரைக் கொண்டுவரவேண்டாம்," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனார்.

திரும்பும் பேருந்தில் மேல்தளத்தில் அமர்ந்திருந்தேன். ஏறத்தாழ இருபது பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செய்தித்தாள், யன்னல், முழங்கால், ஏதோ ஒன்றில் எல்லாருடைய பார்வையும் ஒதுங்கியிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கூச்சமும் இந்த நகரத்தின் ஒதுக்கமும் எப்படி இவ்வளவு எளிதாக என்னுள் பொருந்திக்கொண்டன என்று அன்றுதான் எனக்குப் பட்டது. நான்கு ஆண்டுகளாக நான் எவரையும் பார்க்கவில்லை. பிறகு, என்னை எவரும் பார்ப்பதில்லை என்று கடிதங்களில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுபடி போவதில்லை என்று வெள்ளியன்று முடிவு செய்தேன். செவ்வாயன்றும் அதே முடிவுதான். வியாழன் மாலை ஆறு மணிக்கு அறையில் கட்டிலும் சுவரில் ஒட்டிய வட்டமும் மட்டும் இருந்தன. எழுந்து போனேன்.

அடுத்த நான்கு வியாழக்கிழமைகளும் வாங்கில் அமர்ந்து, புதிதாகச் சேர்ந்த இரு மாணவியரோடு சேர்ந்து உள்ளங்கைகளைத் தட்டித் தாளம் போட்டேன். ஒருகாலத்தில் வகுப்பறையில் எழுந்து நின்று வரவேற்கப்பட்ட ஆசிரியன். அந்தப் பெருமிதத்தை அவ்விடத்தில் வைத்துக்கொள்ள இடமிருக்கவில்லை. எனக்குத் தரப்பட்ட ஒரே பணி, அஞ்சல்காரப் பெண்மணி அழைப்பு விடுக்கப்போவதை முன்னரே கண்டு கையை உயர்த்துவது. முதல் நாள் கண்கள் கூசின. கண்டதையெல்லாம் அழைப்பு என்று எண்ணிக் கையை உயர்த்தினேன். அவர் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியதற்கும் உயர்த்தினேன்.

"அது வியர்வை, லவ்," என்றார் அவர் ஆடியபடியே.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. அழைப்புக்கு முந்திய சுற்றில் அவருடைய மோவாய், எங்கள் பேச்சில் நாடி, தாழும். இடது தோள் சற்றுப் பின்வாங்கும். இடக்கை பாவாடையின் மடிப்பைத் தேடிப் பற்றும். உதடுகள் இறுகினால் அடுத்த பன்னிரண்டுக்குள் அழைப்பு நிச்சயம். இன்னொன்றையும் கண்டேன். கடிதச் சுமை மிகுந்த நாள்களில் வலது முழங்கால் அவருக்கு ஒத்துழைக்காது. அப்போது வலக்குதியின் ஓசை மங்கும். திரும்புவதற்கு முன் முழுப் பாரத்தையும் இடக்காலுக்கு மாற்றிவிடுவார். இதை அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான்காவது வியாழன், தொடர்ந்து மூன்று தடவை சரியான இடத்தில் கையை உயர்த்தினேன். அவர் ஆடி முடித்து மூச்சு வாங்கியபடி ஆசிரியையிடம் திரும்பினார்.

"கிற்றாரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் இப்போது ஆள் இருக்கிறது."

அந்த நாள்களில் சமையலறையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். பெற்றோல் நிலையத்துத் தோழர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் மூக்கின் மேல் கண்ணாடி இருப்பதைக் கண்டேன்.

"எப்ப தம்பி கண்ணாடி போட்டனீர்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அண்ணை, போன வருசம் தையில போட்டது. பகிடி விடுறியளோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஓம், பகிடிதான் என்று சொல்லிவிட்டேன்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், தேவாலயம் ஒன்றை ஒட்டிய மண்டபத்தில் விழா. குளிர்பெட்டிக் கதவில் அழைப்பை எழுதி ஒட்டியிருந்தேன். அதன் கீழே ஒருவர் "ஷிப்ட்" என்று எழுதியிருந்தார். அடுத்தவர் "எனக்கும்" என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் அதன் கீழ் ஒரு சரிக்குறி மாத்திரம் இட்டிருந்தார். நான்காமவர் ஒன்றும் எழுதவில்லை. ஆகவே மண்டபத்தில் இருந்த ஏறத்தாழ நூறு பேரில் என்னை அறிந்து வந்தவர் எவருமில்லை. மற்றவர்கள் தம் குடும்பத்தாரை நோக்கிக் கையசைத்தபோது நான் கம்பிகளைச் சுருதி கூட்டினேன். அவை ஏற்கனவே சுருதி கூடியிருந்தன.

அஞ்சல்காரப் பெண்மணி கருநிற உடையில் மேடைக்கு வந்தார். ஆசிரியை தாழ்ந்த குரலில் பாடினார். பாடல் முடிந்து, காலடி வேலை மிகுந்த நீண்ட பகுதி தொடங்கியது. அது மெல்லத் தொடங்கி நெடுநேரம் ஏறி உச்சத்தை அடையவேண்டும். அந்த உச்சத்துக்காக நான் கடினமான வாசிப்பு ஒன்றைப் பழகி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அது என் கெட்டித்தனத்தைக் காட்டும் இடம். அதை வாசிக்கும் ஆசை விரல்களில் துடித்தது.

பாதி வழியில் வலக்குதியின் ஓசை மங்கியது. அடுத்த சுற்றில் அந்தக் குதியிலிருந்து ஓசையே வரவில்லை. அவர் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. அதன் கீழே உதடுகள் இறுகின. ஒத்திகையின்படி அழைப்புக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. ஆனால் நாடி தாழ்ந்தது. இடது தோள் பின்வாங்கியது. இடக்கை பாவாடை மடிப்பைத் தேடியது.

பழகி வைத்ததையெல்லாம் கைவிட்டேன். அவருடைய கால் நிலத்தைத் தொடுமுன் என் கை முடிவை நோக்கித் திரும்பிவிட்டது. அவர் இடக்காலால் மட்டும் அழைப்பை விடுத்தார். கிற்றார் அங்கே காத்திருந்தது. மூன்று, ஆறு, எட்டு. பத்தாவது அடியில் இருவரும் ஒன்றாக நின்றோம்.

பிறகு மண்டபம் எழுந்து கைதட்டியது. அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். அந்தக் கைதட்டல் முழுவதும், நோகும் முழங்காலோடு முகம் சுளிக்காமல் நின்ற அவருக்குரியது. அவர் சபைக்குத் தலைவணங்குமுன் என் பக்கம் திரும்பி, ஒருதடவை, மிகச் சிறிதாகத் தலையசைத்தார். என்னைத் தவிர எவரும் அதைக் கண்டிருக்க முடியாது. எனக்குக் கிடைத்தது அதுதான்.

விழா முடிந்ததும் கணவரும் மகளும் இருபுறமும் தாங்கி அவரைக் காருக்கு அழைத்துச் சென்றார்கள். ஆசிரியை என்னைக் கடக்கும்போது, "பார்த்தீர்கள்," என்று மட்டும் சொன்னார். கிற்றாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வெயில் சாயாத அந்தக் கோடை மாலையில் தனியே பேருந்துக்கு நடந்தேன்.

வீட்டில் பெற்றோல் நிலையத்துத் தோழர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வாசலில் மேலங்கியை மாட்டியபடி கேட்டார்:

"எப்பிடி அண்ணை, கைதட்டினவையோ?"

"தட்டினவை," என்றேன்.

ஆடின அவவுக்கு, எனக்கில்லை என்று அடுத்ததாகச் சொல்ல வாயெடுத்தேன். முழங்காலைப் பற்றியும் சொல்ல விரும்பினேன். அதற்குள் அவர், "எனக்குத் தெரியும் அண்ணை!" என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டு ஓடிவிட்டார். பேருந்தைத் தவறவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். அந்த ஒரு சொல்லை அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்து, தாம் தொகுத்த மலரில் என் பெயரோடு சேர்த்து அச்சேற்றியிருக்கிறார். துண்டுத் தாள்களால் மட்டும் பேசிக்கொண்ட அந்த வீட்டில், நான் சொன்ன ஒன்றை ஒருவர் இவ்வளவு காலம் காப்பாற்றி வைத்திருந்தார் என்பதை மலரைக் கண்டபின்னரே அறிந்தேன். ஆகவே பிழையின் மூலம் அவரல்லர். வாசலில் பாதியில் நின்ற என் விடைதான்.

மறு ஆண்டு போதிய மாணவர் சேராமையால் வகுப்பு நடைபெறவில்லை. ஆசிரியை தம் ஊருக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்வி. அஞ்சல்காரப் பெண்மணி முழங்காற் சத்திர சிகிச்சைக்குப்பின் ஓர் அட்டை அனுப்பியிருந்தார், அதன்பின் தொடர்பில்லை. நான் வேறெந்த ஆடலுக்கும் வாசிக்கவில்லை. தனிமை அந்த விழாவோடு தீர்ந்துவிடவில்லை. அதன்பிறகும் எத்தனையோ மாலைகள் கட்டிலையும் சுவரையும் பார்த்துக் கழிந்தன. ஆனால் பேருந்தில் எதிரே அமர்பவரின் முகத்தை இன்றுவரை ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்க்கிறேன். அவர் என்னை அழைக்காமலும் இருக்கலாம். அழைத்தால், வீட்டில் ஆள் இருக்கவேண்டும்.

இதில் ஸ்பானியச் சொற்களையும் தாள விளக்கத்தையும் நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். வழுவிருப்பின் அத்துறை அறிந்தோர் திருத்தி உதவுக. அன்று அந்த மண்டபத்தில் இருந்த எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், நான் காணத் தவறியது ஏதும் இருந்திருப்பின், அதனையும் எனக்கு எழுதி அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.